இரண்டாவது ஜன்னல்

காலை ஜெபம் முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரியின் வேன் மைசூரிலிருந்து கிளம்பியது. அன்றைக்குக் கல்குவாரி காலனியில் முதல் காய்ச்சல் முகாம். நஞ்சன்கூட்டைத் தாண்டி மண்சாலையில் திரும்பியதுமே முதல் கல் வந்து கதவில் விழுந்தது.

"வரவேற்பு பலமா இருக்குதுங்க சிஸ்டர்," என்றார் டிரைவர் ரத்தினவேல்.

"கண்ணாடில படலையே, ஸ்தோத்திரம். வண்டியை விடுங்க," என்றார் நர்ஸ் எஸ்தர்.

பின்சீட்டில் அனுப்ரியா ஸ்லைடு பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பி.எஸ்சி. முடித்து, லேப் வேலையில் சேர்ந்த பிறகு அவள் வெளியூருக்கு வருவது இதுதான் முதல் தடவை. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. இரத்தம் எடுக்கும்போதுகூட விரலைத்தான் பார்ப்பாள். "விரலுக்கா காய்ச்சல்? ஆளைப் பாரும்மா," என்று எஸ்தர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

காலனியில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். இருந்தும் முகாம் நடத்த யாரும் இடம் தரவில்லை. ஊர்க்கோடியில் பாழடைந்து கிடந்த கல்வீடுதான் கிடைத்தது. அதன் சாவியைக் குவாரி மேஸ்திரி தொட்டையன் கையில் கொடுக்கவில்லை, மண்ணில் போட்டார்.

"முன்கதவுக்கு மட்டுந்தான் சாவி. மத்தத நோண்டக் கூடாது. ஊசியப் போட்டு வேதத்துல சேக்கத்தான வந்தீங்க? எங்க பொம்பளைங்க ஒருத்தியும் இந்தப் படிய மிதிக்க மாட்டா."

எஸ்தர் குனிந்து சாவியை எடுத்தார். "ஊசி போட்டா வேதத்துல சேந்துடுவாங்கன்னா மைசூர்ல பாதிப் பேர் சர்ச்சுலதான் இருக்கணும்ண்ணா."

தொட்டையன் சொன்னபடியே பெண்கள் படியை மிதிக்கவில்லை. கொல்லைப்புறமாக வந்தார்கள். பக்க அறையின் கம்பி ஜன்னலுக்கு வெளியே, முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டினார்கள். விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி, சொட்டு இரத்தத்தை ஸ்லைடில் தடவி, மாத்திரைப் பொட்டலத்தை அதே கையில் வைத்து அனுப்பினாள் அனுப்ரியா. முகம் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நான் மல்லம்மா. மேஸ்திரி சம்சாரம்," என்று கிசுகிசுத்தது குரல். "எம் மருமவ பாக்கியலட்சுமி வயித்துப்புள்ளக்காரி. நடுக்கம் நிக்கமாட்டேங்குது. இன்னைக்கு மருந்து உள்ள போவலன்னா ரெண்டு உசுரும் தங்காது. அந்தாளு சாப்புடப் போனதும் கூட்டியாரேன். ஒரு பொட்டலம் எடுத்து வையி சாமி."

மதியத்துக்குள் மருந்துப் பெட்டி காலியானது. கடைசிப் பொட்டலத்தை அனுப்ரியா தனியாக எடுத்து வைத்தாள்.

வெயில் திரும்பி ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்தது. கண் கூசியது. எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல், பலகைக் கதவுகள் சாத்தியபடி இருந்தது. மேசையை அங்கே இழுத்துப் போட்டுக் கதவுகளைத் தள்ளினாள். கிறீச்சிட்டுத் திறந்தன.

கம்பிகளுக்கு அப்பால் ஒரே இருட்டு. கூரை போட்ட கொட்டகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குளிர்ந்த காற்று வந்தது. ஈரச் சுண்ணாம்பும் பழந்துணியும் சேர்ந்த வாடை.

அவள் உட்காருவதற்குள் ஒரு கை நீண்டது.

"பாக்கியமாக்கா?" தலை குனிந்தபடியே கேட்டாள்.

கை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. ஸ்பிரிட் பஞ்சால் மோதிர விரலைத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. கை சில்லிட்டிருந்தது. குளிர் ஏறும் நேரம் போல. குத்தினாள்.

இரத்தம் வரவில்லை.

மறுபடி குத்தினாள். விரலின் அடியிலிருந்து நுனிவரை அழுத்தி வழித்தாள். மூன்றாம் முறையும் குத்தினாள்.

வரவே இல்லை.

"பரவால்லக்கா. மாத்திரையைப் போட்டுக்கோங்க." பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கை மெதுவாக இருட்டுக்குள் போனது.

"ஏஞ்சாமி, அந்தப் பக்கம் திரும்பி ஆருகிட்டப் பேசற?"

முதுகுக்குப் பின்னாலிருந்து மல்லம்மாவின் குரல். அனுப்ரியா திரும்பினாள். வெயில் விழும் ஜன்னலுக்கு வெளியே மல்லம்மா. அவளோடு ஒட்டிக்கொண்டு, பச்சை வளையல் போட்ட ஒரு கை கம்பியைப் பற்றி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அது உள்ரூமு," என்றாள் மல்லம்மா. அவள் குரலே மாறிவிட்டது. "பிளேக் காலத்துல காய்ச்சக்காரங்கள உள்ள போட்டுப் பூட்டுன எடம். இப்பிடித்தான், உங்களாட்டம் ஆரோ வந்து கம்பி வழியா குத்தி ரத்தம் எடுத்தாங்களாமா. மருந்தோட வாரோம்னு போனவங்க வரவே இல்ல. அதச் சாத்து சாமி!"

"மல்லீ!" தெருக்கோடியில் தொட்டையன் கத்துவது கேட்டது.

பாக்கியலட்சுமி சரிந்து கம்பியில் சாய்ந்தாள். மருந்து என்று இருந்தது அந்த ஒரு பொட்டலம்தான்.

அனுப்ரியா இரண்டாவது ஜன்னலருகே போனாள். ஆளைப் பார் என்று எஸ்தர் சொல்வது ஞாபகம் வந்தது.

பார்க்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கம்பிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை. பிறகு தோள்வரை. நுனிவிரலில் காகிதம் தட்டுப்பட்டது.

ஒரு சில்லிட்ட கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஏதோ ஈரமாக அவளது மோதிர விரலைத் துடைத்தது. ஸ்பிரிட் வாடை.

சுருக்கென்று ஒரு குத்து.

இன்னொன்று.

இன்னொன்று.

பிறகு விரலை அடியிலிருந்து நுனிவரை அழுத்தி வழித்தது. நிதானமாக. அவள் செய்வது போலவே. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது போதுமென்று நினைத்தபோது பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டது.

ஓடிப்போய்ப் பச்சை வளையல் கையில் பொட்டலத்தைத் திணித்தாள். மல்லம்மா மருமகளை அணைத்து இழுத்துக்கொண்டு வேலி மறைவில் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் எஸ்தர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஒரு ஸ்லைடு குறையுதே? ஊசியும் ஒண்ணக் காணோம்."

"கீழ விழுந்திருக்கும் சிஸ்டர்," என்றாள் அனுப்ரியா. கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

பாக்கியலட்சுமிக்குக் காய்ச்சல் இறங்கியது. பிரசவத்துக்கு மைசூருக்கே கூட்டி வந்தார்கள். பெண்குழந்தை. தொட்டையன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே பீடி குடித்தபடி நின்றார், உள்ளே வரவில்லை. "தாத்தா ஆயிட்டாரு, கோவத்த மட்டும் எறக்கி வக்க மாட்டேங்குறாரு," என்று ரத்தினவேல் சிரித்தார்.

அனுப்ரியாவும் சிரித்தாள். இப்போதெல்லாம் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்கிறாள். லேபின் வலப்பக்க ஜன்னலில் யார் கை நீட்டினாலும் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரலைத் தொடுவாள். அவளுடைய மோதிர விரலில் மட்டும் மூன்று புள்ளிகள் இன்னும் ஆறவில்லை.

ஒரு நாள் காலை லேபில் நல்ல கூட்டம். மண்டி மொஹல்லா பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஜன்னலில் கையை நீட்டியவள், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாங்கல்லாம் விடிஞ்சதுலேந்து க்யூவுல நிக்கிறோம். அந்தப் பக்கம் அவங்களுக்கு மட்டும் தனி ஜன்னலாம்மா?"

அனுப்ரியாவின் இடப்பக்கம் சுவர். பைபிள் வசன காலண்டர் மாட்டிய வெறும் சுவர்.

பலகைக் கதவு திறக்கும் கிறீச்சொலி கேட்டது. ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

அவள் திரும்பவில்லை. முழங்கைக்குப் பக்கத்தில், மேசைமேல், ஒரு கை வந்து நின்றது.

அது விரலை நீட்டவில்லை. ஊசியைப் பிடித்திருந்தது.