11.05க்கு ஒரு பச்சைச் சுவர்

போன் அடித்தபோது ஆன்ஸ்லின் ஏணியின் மூன்றாவது படியில் நின்றாள்.

கையில், ஒரு முனை மட்டும் மாட்டின திரைச்சீலைக் கம்பி. வாயில் இரண்டு ஸ்க்ரூ.

கீழே மேஜையில் கிடந்த போனில் கணவனின் பெயர் மின்னியது.

ஷாஜன்... வீடியோ கால்!

பகலில் அவன் அழைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கே கணக்கில்லை. ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு இறங்கினாள்.

அவள் இருந்த இடம் குளச்சலில் ஒரு மாடி. படகு எஞ்சின் விற்கும் 'ஆன்ட்ரூஸ் மரைன்ஸ்'. அதில் ஷாஜனின் கேபின்.

ஷாஜன் நேற்று முன்தினம் தூத்துக்குடி போயிருந்தான். வேலையாள் முருகதாசுக்கு இரண்டு நாள் லீவு. நாளை ஷாஜன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து வருடம் முடிகிறது. கல்யாணத்துக்கும் அதே வயதுதான். அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆன்ஸ்லின் முருகதாசிடம் சாவியை வாங்கினாள். பெயிண்டர் ஜாஸ்பரைக் கூப்பிட்டாள்.

"ஒரு செங்கல் அசையப்பிடாது அண்ணே. அவுங்க அப்பா கட்டின கட்டடம். இடிச்சா என்னையத்தான் இடிப்பாரு."

"இடிக்காம எப்படிம்மா புதுசாவும்?"

"ஆவும். பாருங்க."

ஆனது. இருண்ட பச்சைச் சுவர் இரண்டே பூச்சில் வெளிர் சந்தன நிறத்துக்கு வந்தது. மூலையில் முகம் திருப்பி நின்ற மேஜை ஜன்னல் பக்கம் நகர்ந்தது. இரும்பு பீரோ கதவோரம் போய் நின்று, பழைய காகிதக் குப்பையை எல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. டியூப்லைட் இருந்த இடத்தில் மஞ்சள் பல்பு. தொங்கின வயர்களுக்கு ஒரு பட்டை. பாட்டிலில் மணி பிளான்ட்.

அப்புறம் ஒரு நாற்காலி. மேஜைக்கு எதிரே, வந்தவர் உட்கார.

இந்தக் கேபினுக்கு அவள் வந்ததே ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அந்த நாற்காலியை அவள் தனக்காகத்தான் வாங்கினாள்.

ஜாஸ்பர் காலை ஒன்பதரைக்கே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். பாக்கி இருந்தது மஞ்சள் திரைச்சீலை மட்டும்.

இப்போது மணி 11.05.

ஆன்ஸ்லின் போனோடு ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான்! அவள் முதுகுக்குப் பின்னால் நீலம் பூசின ஜன்னல் கம்பி. நடுவில் முழ நீளத்தில் இரும்பு நங்கூரம். ஷாஜனின் அப்பா ஆன்ட்ரூஸ் தன் கையால் வரைந்து கொடுத்து, பக்கத்து ஊர் இனயத்தில் ஒரு கொல்லரிடம் செய்து வாங்கினது. குளச்சல் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு ஜன்னல் கிடையாது.

நங்கூரத்தைப் பார்ப்பான். 'ஏட்டி, அது நம்ம ஆபீஸ்லா?' என்று கேட்பான். சிரிப்போம்...

சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

ஷாஜன் வந்தான். வெள்ளைச் சட்டை. வகிடெடுத்த தலை.

அவன் பின்னால்...

இருண்ட பச்சைச் சுவர்!

அதில் மாமனார் ஆன்ட்ரூஸின் படம். பக்கத்தில் பழைய காலண்டர். மூலையில் இரும்பு பீரோ.

ஆன்ஸ்லின் குனிந்து பார்த்தாள். மாமனாரின் படம் பழைய தினசரியில் சுற்றி அவள் காலடியில் இருந்தது.

"கேக்குதா? நான் ஷாஜன்."

"கே... கேக்குது."

"தூத்துக்குடி வேலை சீக்கிரமே முடிஞ்சுட்டு. விடியக்காலத்துலயே கிளம்பி நேரா ஆபீசுக்கு வந்துட்டேன். இப்பம் கேபின்ல தான் இருக்கேன். மணி பதினொண்ணு அஞ்சு. நீ எங்க?"

அவள் மறுபடி காலடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல" என்றாள்.

ஆக... கேபினில் இல்லாதவன் கேபினில் இருப்பதாகச் சொன்னான். கேபினில் இருந்தவள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பற்றிப் பொய் சொன்னது அன்றுதான்.

"மத்தியானத்துக்கு என்ன கறி?"

"சாளை மீன் புளிமுளம்."

"உனக்கு கால் வலிண்ணு சொன்னியே, குறஞ்சுட்டா?"

அவள் அதைச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. என்ன பெண் இவள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும், கால் வலியைக் கேட்டானே என்று மனசு அவன் பக்கம் சாய்ந்தது. தனியாகக் கிடந்து பழகினவர்களுக்கு இது புரியும்.

இருபத்தியொரு நிமிடம் பேசினான். ஒரே தடவையில் அவளோடு அவன் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"வைக்கட்டா? மணி பதினொண்ணு இருபத்தாறு. ஒரு மணிக்கு மேல சாப்பிட வாறேன்."

திரை அணைந்தது.

ஆன்ஸ்லின் புது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பழைய கேபின் போட்டோவைப் பின்னணியாகப் போட்டுக்கொண்டு எவளோடு இருக்கிறான்?

*

அதே நாள். 11.35.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னமுட்டம். துறைமுகத்தை ஒட்டி ஒரு கிடங்கு.

உள்ளிருந்து ஓர் அலறல்!

வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்தார்கள். முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

எஞ்சின் பெட்டிகளுக்கு நடுவே ததேயுஸ் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு பித்தளை ப்ரொப்பல்லர்.

ததேயுஸ், ஆன்ட்ரூஸ் மரைன்ஸின் பங்குதாரர். அடுத்த மாதம் பிரிந்துபோய், எஞ்சின் ஏஜென்சியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள இருந்தவர்.

*

ஒன்றே காலுக்கு ஷாஜன் வீட்டுக்கு வந்தான். கை கழுவினான். கொஞ்சம் நேரம் எடுத்தே கழுவினான்.

ஆன்ஸ்லின் சோறு போட்டாள்.

"நேரா கேபின்ல இருந்தா வாறீங்க?"

"பொறவு? உன்கிட்ட பேசினேன்லா."

"செவரெல்லாம்... அப்படியே தான் இருக்கா?"

"எந்த செவரு?"

"ஒண்ணுமில்ல. மீனு இன்னும் போடட்டா?"

அவன் சட்டையில் பவுடர் மணம் இருக்கிறதா என்று பக்கத்தில் குனிந்து பார்த்தாள். கிரீஸ் மணம்தான் வந்தது. அந்தப் பைத்தியக்காரிக்கு அது ஆறுதலாக இருந்தது!

மூன்றரைக்கு வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் பூங்கனி இறங்கினாள். நாற்பது வயது. அவசரப்படாத கண்கள்.

"ததேயுசை யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க சார். காலையில பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு. சின்னமுட்டத்துல."

ஷாஜன் நெஞ்சில் கை வைத்தான். கச்சிதமாக வைத்தான்.

"அய்யோ... எப்படி மேடம்?"

"போன வாரம் உங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம்ணு சொல்லுதாங்க."

"தொழில்னா பேச்சு வரத்தான் செய்யும். அதுக்காக?"

"பதினொண்ணரைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கன குளச்சல்ல. என் கேபின்ல. இவகிட்ட தான் வீடியோ கால் பேசிட்டிருந்தேன். பதினொண்ணு இருபத்தாறு வரை. இங்கேர்ந்து சின்னமுட்டம் போவ ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். ஒம்பது நிமிசத்துல பறக்கவா முடியும்?"

"போன் டவரைப் பாக்கலாமா?"

"போன்ல சார்ஜ் இல்ல. லேப்டாப்ல தான் பேசினேன். இருங்க மேடம்... ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட கிடக்கும்."

லேப்டாப்பைத் திறந்தான். 'கிடந்தது.' திரை நிறைய அவன். பின்னால் பச்சைச் சுவர். அடியில் நேரம், 11.24. வலது கீழ்மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஆன்ஸ்லின். தன் படத்தைப் பெரிதாக்கி, மனைவியைச் சுருக்கி மூலைக்குத் தள்ளியிருந்தான்.

பூங்கனி ஆன்ஸ்லின் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட பேசினாராம்மா?"

ஆன்ஸ்லின் கணவனைப் பார்த்தாள். பொம்பளை விவகாரம் இல்லை. இது கொலை! ததேயுஸ் கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் கொண்டுவந்து, 'தங்கச்சி, சுகமா?' என்று கேட்கிற மனுசன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கக்கூட அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

"பேசினாரு."

"எங்கேயிருந்து?"

"கேபின்ல இருந்துண்ணு... சொன்னாரு."

"வாங்க மேடம், நேர்லயே பாத்துருங்க" என்றான் ஷாஜன். குரலில் தெம்பு வந்திருந்தது. "படத்துல இருக்கற அதே கேபின். அதே செவரு."

"இப்பம் வேண்டாம்..." ஆன்ஸ்லின் எழுந்தாள். "ரூமு குப்பையா கிடக்கும்."

"நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். அது பழகின வேலைதான்.

*

ஷாஜன் கேபின் கதவைத் திறந்தான்.

பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது.

சந்தன நிறச் சுவர். மஞ்சள் பல்பு. மணி பிளான்ட். ஜன்னலில் பாதி மாட்டின மஞ்சள் திரை. மேஜையில் ஓர் அட்டை... 'பத்து வருடம். வாழ்த்துகள். ஆன்ஸ்லின்.'

ஷாஜனின் வாய் திறந்தது.

பூங்கனி லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"உங்க பச்சைச் சுவர் எங்க சார்?"

ஷாஜன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். அவன் கண் அவளைக் கெஞ்சியது. பத்து வருடத்தில் அவளிடம் அவன் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"எப்பம்மா பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டாள் பூங்கனி.

ஆன்ஸ்லினுக்குப் புரிந்தது. ஒரே ஒரு பதில்! மதியம் என்றால் அவன் வீட்டுக்கு வருவான். காலை என்றால் ஜெயிலுக்குப் போவான். அவளுக்கு அந்த வீட்டில் பேச இருப்பது சுவர் மட்டும்தான். ததேயுசின் முகம் வந்தது. காலியான வீடும் வந்தது. வீடுதான் ஜெயித்தது.

"மத்தியானம் மேடம்" என்றாள். "அவரு பன்னண்டு மணிக்கு எறங்கின பொறவு."

ஷாஜனின் தோள் தளர்ந்தது. மூச்சு வந்தது.

பூங்கனி தலையாட்டினாள். போகப்போகிறவள் போல ஜன்னல் பக்கம் நடந்தாள். திரையை விலக்கினாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே அல்ல. கம்பியை!

திரும்பி வந்து லேப்டாப்பில் குனிந்தாள். வலது கீழ்மூலையை இழுத்துப் பெரிதாக்கினாள். தீப்பெட்டி திரை முழுக்க விரிந்தது.

"இது நீங்க தானேம்மா?"

"ஆமா."

"வீட்டுல இருந்து பேசினீங்க."

"ஆ... ஆமா."

"உங்க வீட்டு ஜன்னல்லயும் நங்கூரம் இருக்கா?"



ஷாஜன் பாய்ந்து வந்து திரையைப் பார்த்தான். நங்கூரம். மஞ்சள் திரை. சந்தன நிறச் சுவரின் ஓரம். நடுவில், சிரிக்கத் தயாராகி அப்படியே உறைந்துபோன ஒரு முகம். அந்த அழைப்பில் தன் மனைவியின் முகத்தை அவன் பார்த்தது அப்போதுதான்.

"ஒரே நேரத்துல ஒரே ரூம்ல ரெண்டு பேர்" என்றாள் பூங்கனி. "ஒருத்தருக்குப் பின்னால பழைய ரூமு, இன்னொருத்தருக்குப் பின்னால புது ரூமு. இதுல யாரு நிஜமா இங்க இருந்தாங்கண்ணு நான் சொல்லணுமா சார்?"

"ஏட்டி..." ஷாஜனின் குரல் கிழிந்தது. "உன்ன யாரு இங்கன வரச் சொன்னா?"

ஆன்ஸ்லின் புது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தியொரு நிமிசம் பேசினீங்க. அதுல ஒரு நிமிசம் என்னைய பாத்திருந்தா, நீங்க இப்பம் தப்பிச்சிருப்பீங்க."

பூங்கனியோடு வந்த கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

பூங்கனி நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

"அம்மா, கொஞ்ச முன்ன நீங்க சொன்னது என் காதுல சரியா விழல. எப்பம் பெயிண்ட் அடிச்சீங்க?"

ஆன்ஸ்லின் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"காலையில ஒம்பதரைக்கே முடிஞ்சுட்டு மேடம்."

*

ஆறு வாரம் போயிற்று.

ஆன்ட்ரூஸ் மரைன்ஸ் திறந்தே இருந்தது. முருகதாஸ் எஞ்சின் பார்த்தார். ஆன்ஸ்லின் கேபினில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான் மனசு கனக்கும்.

ஒரு வியாழக்கிழமை போன் அடித்தது. சிறையிலிருந்து கைதிகள் குடும்பத்தோடு பேசும் வீடியோ கால்.

மணியைப் பார்த்தாள். 11.05!

ஜன்னல் திண்டில் போய் உட்கார்ந்து எடுத்தாள்.

ஷாஜன். நாலு நாள் தாடி. இந்தத் தடவை அவன் ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நங்கூரம் நல்லா தெரியுது" என்றான் கடைசியில். "மெலிஞ்சுட்டியே. சாப்பிடுதியா?"

"சாப்பிடுதேன்."

"நான் இங்க உள்ள தான் இருக்கேன். நெனச்சுக் கவலப்படாத."

அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். காரை பெயர்ந்து, அழுக்கேறி... இருண்ட பச்சை!

ஆன்ஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அந்தச் செவத்த கொஞ்சம் கையால தட்டிக் காட்டுங்க" என்றாள். "அப்பம் நம்புதேன்."