நாலாம் நம்பர் மைக்

பன்னிரண்டாவது நிமிடத்தில் வரவேண்டிய கிழவரின் குரல் வரவில்லை.

ஒலிக்காரன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு பதிவில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். கூட்டத்தின் இரைச்சல் இருந்தது, யாரோ பிளாஸ்டிக் பாட்டிலைக் கசக்கும் சத்தம் இருந்தது, தூரத்தில் டிரம் இருந்தது. "ரெஃப்ரிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்துவாரே, அது மட்டும் இல்லை. பல் விழுந்த ஈறு மாதிரி அந்த இடம் வழவழவென்று கிடந்தது. போன புதன்கிழமை ஆட்டத்தில்கூட அந்தக் குரலைக் கேட்டு இவன் தனியாகச் சிரித்திருக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், காதுக்கும் அதே கதைதான் போல என்று தன்னையே கேலி செய்துகொண்டு வேலையைப் பார்த்தான்.

வேலை என்ன பெரிய வேலை! ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, பந்தாட்டம் மட்டும் நடக்கிறது. ஆளில்லாத மைதானத்தில் ஆடினால் டி.வி.யில் பார்க்கிறவனுக்குப் பந்து உதைபடும் சத்தமும் கோச் திட்டுகிற கெட்ட வார்த்தையும்தான் கேட்கும். இழவு வீட்டு முற்றத்தில் விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்று முதல் வாரமே புகார் வந்துவிட்டது. அதனால் பழைய ஆட்டத்தில் பதிவுசெய்த கூட்டத்தின் சத்தத்தை இவன் வீட்டிலிருந்தே அனுப்ப வேண்டும். படுக்கையறை மேசையில் ஒலிக்கலவைப் பலகை. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர், மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் அடங்கும். கோல் விழுந்தால் ஆரவாரம், தவறினால் "ச்சே". அது டி.வி.க்கும் போகும், மைதானத்து ஸ்பீக்கர்களுக்கும் போகும்.

அந்தப் பழைய ஆட்டம், கூட்டத்தோடு நடந்த கடைசி ஆட்டம். நோய் வந்துவிட்டது என்று மருத்துவமனைகளுக்கெல்லாம் அப்போதே தெரியும். ஆனால் தேர்தலுக்கு ஆறு நாள்தான் பாக்கி. ஆட்டத்தை ரத்து செய்தால், நாட்டை ஆளும் தலைவர் பயந்துவிட்டார் என்று எதிர்க்கட்சிக்காரன் சொல்வானாம். அவர் அன்றைக்கு ஆடிய நீலச்சட்டைக் கிளப்பின் புரவலர் வேறு. மைதானத்தின் நடுவில் நின்று, "இது சாதாரணச் சளி! வீரனுக்கு ஏது பயம்?" என்றார். நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். தேர்தலில் ஜெயித்தார். மறுவாரம் ஊரடங்கு போட்டார்.

வடக்கு கேலரியின் கீழ்வரிசைக்கு மேலே, நாலாம் நம்பர் மைக்கைத் தொங்கவிட்டது இவன்தான். அதற்கு நேர் கீழே தன் மச்சினனை உட்கார வைத்ததும் இவன்தான். இந்த ரெண்டாவது விஷயம் பொண்டாட்டிக்குத் தெரியாது. அம்மா போனபிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். "இந்தக் கூட்டத்துக்கு நீ போகவே கூடாது" என்று அவள் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இவன்தான் தன் பாஸைக் கொடுத்து, "டேய் விசிலு, மைக்குக்குக் கீழ உக்காந்து ஒண்ணு அடி. அதை வச்சு லெவல் பாத்துக்கறேன்" என்று கூட்டிப்போனான். மச்சினனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ரெண்டு விரலை உதட்டில் வைத்தால் ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நாற்பதாயிரம் பேருக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும்.

கிழவரின் குரல் காணாமல்போன அன்று மாலை மச்சினன் போன் செய்தான். மைதானத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தான்.

"மாமா, நம்ம கண்ணாடித் தாத்தா போயிட்டாரு."

"எந்தத் தாத்தா?" என்று கேட்டான், தெரிந்துகொண்டே.

"அதான், ரெஃப்ரிக்குக் கண்ணாடி கேப்பாரே! நேத்து ராத்திரி. எடுக்கக்கூட ஆளில்லையாம். பாவம், ஒரு தடவையாவது கண்ணாடி போட்ட ரெஃப்ரியைப் பாத்திருக்கலாம்."

அவன் சிரித்தான். இவனால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குள் பதிவிலிருந்து இன்னும் நிறையக் குரல்கள் போய்விட்டன. கோழி கொக்கரிக்கிற மாதிரி சிரிக்கும் ஒரு பெண் இருந்தாள், அந்தச் சிரிப்பைக் காணோம். பாட்டை முதலில் எடுத்துக் கொடுக்கும் கொடிக்காரனைக் காணோம். பாட்டு மட்டும் தலையில்லாமல் ரெண்டாவது அடியில் தொடங்கியது. மச்சினனிடம் பேச்சுவாக்கில் கேட்பது போல ஒவ்வொருவராகக் கேட்டான். "அந்த அக்காவா? திங்கட்கிழமை, மாமா. கொடிக்காரண்ணனா? உனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குக் காலையிலதானே!" பதிவை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தான். மூன்றையும் திறந்தான். மூன்றிலும் அதே ஆட்கள் இல்லை.

தயாரிப்பாளர் ஹெட்ஃபோனில் எரிந்து விழுந்தார். "யோவ், கோல் சத்தத்துல சத்தே இல்லையே? ஏத்துய்யா!"

ஏற்றினான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வியாழக்கிழமை மத்தியானம், வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்த நேரம், நாலாம் மைக்கை மட்டும் தனியாக வைத்துக் கேட்டான். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அதை ஒட்டியே இன்னொன்று கேட்டது. இருமல். வறண்ட, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். பதிவில் முன்பு அது கிடையாது, சத்தியமாகக் கிடையாது. போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா, தொண்டை கரகரன்னு இருக்கு. அக்கா கிட்ட சொல்லாத. ஊரையே கூட்டிடுவா."

வெள்ளிக்கிழமை உதவி எண்ணுக்கு இருபத்தியேழு தடவை அடித்தான். ஒவ்வொரு தடவையும் தலைவரின் பதிவுசெய்த குரல்தான் வந்தது: "அச்சம் வேண்டாம். நான் இருக்கிறேன்." சனிக்கிழமை அதிகாலை ஆம்புலன்ஸ் மச்சினனைத் தூக்கிக்கொண்டு போனது. படுக்கை இல்லை, நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறான் என்று ஒரு நர்ஸம்மா சொன்னார். அவனுடைய போனை அவரே பத்திரமாக வைத்திருந்தார். நல்ல மனுஷி. பார்க்க வரக்கூடாது, தெருமுனையில் தடுப்பு, போலீஸ். ரெண்டு தடவை போய் ரெண்டு தடவையும் திரும்பி வந்தான்.

பொண்டாட்டி அடுப்படியில் நின்று, கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவினாள். "படிச்சுப் படிச்சு சொன்னேனே, போகாதடான்னு. எந்தப் பாவி அவனுக்கு டிக்கெட் குடுத்தானோ, அவன் நல்லா இருப்பானா?"

இவன் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். இடைவேளையில் தலைவர் வருகிறார், இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று தயாரிப்பாளர் சொன்னார். "அந்த ஒரு நிமிஷம் ஊசி விழுந்தா கேக்கணும், புரியுதா? எல்லா ஃபேடரும் கீழ."

ஆட்டம் தொடங்கியது. நாலாம் மைக்கில் கிட்டத்தட்ட யாருமே மிச்சமில்லை. காற்று ஓடும் சத்தம், அதற்கு நடுவில் இழுத்து இழுத்து விடும் ஒரு மூச்சு, அவ்வளவுதான். இருபதாவது நிமிடத்தில் விசில் வந்தது. ரெண்டு குட்டை. நெட்டை பாதியிலேயே தேய்ந்துபோனது. இவன் கை தானாக முன்னே போயிற்று. அந்த நாலு நொடியை மட்டும் வெட்டி லூப்பில் போட்டான், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருகிற மாதிரி. ஃபேடரை மேலே தள்ளினான்.

ரெண்டு குட்டை, அரை நெட்டை. ரெண்டு குட்டை, அரை நெட்டை. மைதானத்தின் காலி நாற்காலிகளுக்கு மேலே அது போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்து அறையில் பொண்டாட்டியின் போன் அடித்தது. அடுத்த கணம் அவள் ஓடி வந்தாள். "நர்ஸம்மா பேசறாங்க! காலையிலேர்ந்து அசைவே இல்லாம கெடந்தானாம். இப்பக் கையைத் தூக்கறானாம்!"

முப்பதாவது நிமிடத்தில் ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க ஆட்டம் நின்றது, விளம்பரம் ஓடியது. ஃபேடரைக் கீழே இழுத்தான். போனில் நர்ஸம்மாவின் குரல்: "ஐயோ, கை விழுந்துடுச்சுங்க." விளம்பரம் முடிந்தது. மேலே தள்ளினான். "தூக்கறாருங்க! மறுபடி தூக்கறாரு!"

இவன் பொண்டாட்டியைப் பார்த்தான். கண்ணாடித் தாத்தாவில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். பாஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பைத்தியமா உங்களுக்கு என்று கேட்பாள் என்று நினைத்தான். அவள் கேட்கவில்லை. இவன் தோளைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற மாதிரி.

"அப்ப அதை நிறுத்தாதீங்க. எது நின்னாலும் அது நிக்கக்கூடாது."

இடைவேளை. தலைவர் வெள்ளை முகக்கவசத்தோடு மைதானத்தின் நடுவில் வந்து நின்றார். பின்னால் நாலு பேர், இடைவெளி விட்டு. எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"மௌனம்" என்றார் தயாரிப்பாளர். "எல்லாம் கீழ."

ஒன்று, ரெண்டு, மூன்றாம் மைக்குகளை இறக்கினான். நாலாவதன் மேல் விரல் இருந்தது. இறங்கவில்லை.

ரெண்டு குட்டை. அரை நெட்டை.

"யோவ்! என்னய்யா அது? கட் பண்ணு!"

ரெண்டு குட்டை. அரை நெட்டை.

"வேலை போயிடும்யா உனக்கு! நாடே பாக்குதுய்யா!"

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தான். இப்போது விசில் டி.வி.யிலிருந்து வந்தது. காலி மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்ததால் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் பெரிதாக.

போன் மறுபடி அடித்தது. வீடியோ அழைப்பு. பொண்டாட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்து மேசைமேல் சாய்த்து வைத்தாள். நர்ஸம்மாவின் முகத்தில் கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் சரியில்லை.

"சார் இருக்காரா? சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல." ஸ்ட்ரெச்சர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "டாக்டர் இப்பத்தான் வந்து பாத்தாரு. உயிர் போய் ரெண்டு மணி நேரமாவது இருக்கும்னு எழுதிட்டுப் போயிட்டாரு. உடம்பு ஐஸ் மாதிரி இருக்கு சார். ஆனா..."

போனைத் திருப்பினார்.

நடைபாதை. டியூப்லைட். ஸ்ட்ரெச்சரில் முகத்தையும் சேர்த்து மூடின துணி. துணிக்கு வெளியே ஒரு கை. அது எழுந்தது. முழங்கை மடங்கியது. துணிக்கு மேலே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், ரெண்டு விரல் போய் அழுந்தியது. துணி உள்ளே குழிந்தது. கை விழுந்தது.

ரெண்டு குட்டை. அரை நெட்டை.

எழுந்தது. அழுந்தியது. விழுந்தது.

"யாரும் கிட்டப் போக மாட்டேங்கறாங்க சார். அவரைத் துணியில கட்டவும் முடியல, எடுத்துட்டுப் போகவும் முடியல." நர்ஸம்மா அழுதுகொண்டிருந்தார். "இது எப்ப நிக்கும்?"

ரெண்டு மணி நேரம். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோதே அவன் போயிருந்தான். இருபதாவது நிமிடத்தில் இவன் வெட்டி எடுத்தது மூச்சு இல்லை, மற்றவர்களுடையதைப் போல அழிந்துபோக இருந்த அவனுடைய கடைசி மிச்சம். கடவுளே. என்ன பண்ணிவிட்டேன்.

ஃபேடரைக் கீழே இழுக்கப் போனான்.

பொண்டாட்டியின் கை அவன் கைமேல் விழுந்து இறுகியது. டாக்டர் சொன்னதை அவள் கேட்டாளா, கேட்டும் கேட்காதவளாக இருந்தாளா, தெரியவில்லை. அவள் கண் போனை விட்டு அகலவில்லை. ரெண்டு நாளுக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"பாருங்க, என் தம்பி விசிலடிக்கறான்" என்றாள். "என்னைக் கூப்பிடறான். நிறுத்தாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், நிறுத்தாதீங்க."

பாஸ் கொடுத்தவன் என்ன வாயை வைத்துக்கொண்டு மறுப்பான்?

டி.வி.யில் அந்த ஒரு நிமிடம் முடிந்தது. தலைவர் தலை நிமிர்ந்தார். விசில் வந்த திசையில், வடக்கு கேலரிப் பக்கம் திரும்பினார். தனக்காகத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கவசத்தை இறக்கிக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். கையை மேலே தூக்கி ஆட்டினார்.

போனில், துணிக்கு அடியிலிருந்து மச்சினனின் இன்னொரு கையும் எழுந்தது.