கணினியில் கேட்ட தும்மல்

என் தம்பிக்குப் பார்வை மங்கல். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டால்தான் அவனுக்கு எழுத்து தெரியும். அவனுக்காகவே பள்ளிக் கணினியில் இருக்கும் வாசிப்பு மென்பொருளுக்கு நான் ஒரு பிளகின் எழுதினேன். பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி மென்பொருள்தான் பிளகின். ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து பூசணிக்காய் அளவுக்கு வீங்கும். தப்பாக எதையாவது அழுத்தினால் தும்மல் சத்தம் கேட்கும். அது தம்பியின் தும்மல், நானே பதிவு செய்தது!

அதை என் தோழிக்கும் கொடுத்தேன். ஓயாமல் பேசுவதால் அவளை எல்லாரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஓரத்தில் ஒரு பட்டாம்பூச்சியைப் பறக்கவிட்டாள். அதற்கு இடம் போதவில்லை என்று பெரிய எழுத்துப் பொத்தானைத் தூக்கினாள். என் பெயரையும் தூக்கினாள். உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிவிட்டு, பள்ளிப் போட்டிக்குக் கொடுத்தாள். முதல் பரிசு! எல்லாக் கணினிகளிலும் என்னுடையதை அழித்துவிட்டு அவளுடையதை ஏற்றினார்கள். என்னிடம் வேறு நகலும் இல்லை.

மறுநாள் தம்பிக்குக் கணினியில் வாசிப்புத் தேர்வு. முந்தின நாள் பயிற்சிக்கு உட்கார்ந்தவன் மூக்கைத் திரையில் ஒட்டினான்.

“அக்கா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. நாளைக்கு நான் ஃபெயில்தான்.”

தடுமாறி எதையோ அழுத்தினான். “ஹச்!” என்றது கணினி.

“அக்கா, நான் தும்மவே இல்ல!”

தும்மலை எடுக்க மறந்திருக்கிறாள்! நேரே அவளிடம் போனேன்.

“ஏண்டி, என் பேரை எதுக்கு எடுத்த?”

“புரோகிராமுக்கு மேல உன் பேரோட நாலு வரி சும்மா கிடந்துச்சு. கம்ப்யூட்டர் அதைப் படிக்கிறதே இல்ல. அதான் அழிச்சேன்.”

“அது கம்ப்யூட்டருக்கு எழுதினது இல்லடி. நமக்கு எழுதினது.”

வாசிப்பு மென்பொருளிலும் இருந்த அந்த வரிகளைக் கணினி ஆசிரியையிடம் காட்டினேன். வாசிப்பு மென்பொருளைச் செய்தவர்கள் வைத்த நிபந்தனை அது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் முன்னால் செய்தவர்களின் பெயரை அழிக்கக் கூடாது. மாற்றிக் கொடுப்பதைப் பூட்டவும் கூடாது.

“பரிசு கொடுத்தாச்சும்மா. இப்போ கிளறினா பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம். விட்டுடேன்,” என்றார் அவர்.

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

“பரிசு அவகிட்டயே இருக்கட்டும் மிஸ். பூட்டை மட்டும் திறக்கச் சொல்லுங்க. என் தம்பி படிக்கணும்.”

ரேடியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறந்து கொடுத்தாள். “இந்தா. இனிமே என்கூடப் பேசாத!”

ரேடியோவே பேசாதே என்கிறது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பெரிய எழுத்துப் பொத்தானைத் திரும்ப வைத்தேன். பட்டாம்பூச்சியைக் கொஞ்சம் நகர்த்தினேன், அழிக்கவில்லை. மேலே அந்த நான்கு வரிகளைச் சேர்த்துவிட்டுப் பெயர்களை எழுதினேன். மென்பொருளைச் செய்தவர்கள், அப்புறம் நான். அடுத்து அவள் பெயரை எழுத எனக்கு மனமே வரவில்லை. ஆனால் பட்டாம்பூச்சி அவள் செய்ததாயிற்றே! எழுதினேன்.

மறுநாள் தம்பி அதில் கடகடவென்று வாசித்துவிட்டு வந்தான். வெளியே சுவரில் ரேடியோவின் படம், கையில் கோப்பையோடு. தம்பி கிட்டப்போய் அதில் மூக்கை ஒட்டினான்.

“தானே... உருவாக்கிய... பிளகின்...” என்று கீழே இருந்ததைப் படித்தான். “தானேயா? அக்கா, அப்போ நீ?”

நான் பதில் சொல்வதற்குள், “ஹச்!”

படம் முழுக்க ஈரம்.

“ஐயோ, இது நிஜத் தும்மல்க்கா! துடைச்சிடவா?”

“வேண்டாம், வா,” என்றேன்.