ஏழாவது குழந்தையின் இடம்

“தொட்டியில தண்ணி பாதிதான் இருக்கு. முந்தாநாளுதான நிரம்புச்சு?”

“வெயில் குடிச்சிருக்கும்.”

“மூடி போட்ட தொட்டிய வெயில் எப்படிக் குடிக்கும், சவேரியோ?”

“இந்த ஊரு வெயில பத்தி உனக்குத் தெரியாதா?”

ஜூன் மாதக் கடைசியில் மொட்டைமாடியில் நின்று பேசிய பேச்சு அது. ஆகஸ்டில் அதே இடத்தில் நின்று எர்சிலியா அதை மறுபடி நினைத்துக்கொண்டாள். விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை வெற்றுச் சத்தம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் சத்தம் கனத்தது.

ஆறு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊர். வீட்டில் இரண்டே பேர். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை. மகள் மிரெல்லா இருந்த காலத்தில் அவள் பொம்மையைக் குளிப்பாட்டவே ஒரு வாளி போகும். அப்போதுகூட ஆறாம் நாள் காலையில் முகம் கழுவத் தண்ணீர் மிஞ்சியது. இப்போது நான்காம் நாளே தொட்டி வறண்டுவிடுகிறது.

கீழே இறங்கி வந்தபோது கவனித்தாள். படிக்கட்டின் அடியில் இருக்கும் பச்சை கேனைக் காணவில்லை.

அவள் கணவன் சவேரியோ ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ரோமானிய மாளிகையில் காவலர். பதினெட்டு வருடமாக அதே வேலை. மாளிகை என்று பெயர்தான், கூரை என்றோ போய்விட்டது. மிஞ்சியது தரைகள். பயறு அளவு கல்துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் சித்திரங்கள், அறை அறையாக. வெயில் படாமலிருக்க மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, நடந்து பார்க்க இரும்புப் பாலம் கட்டியிருந்தார்கள்.

காய்ந்திருக்கும்போது அந்தக் கற்கள் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஈரம் பட்டால் போதும், உள்ளிருந்து நிறம் கிளம்பி வரும். பழைய காவலர்கள் வருகிறவர்களைக் குஷிப்படுத்த ஒரு வாளித் தண்ணீரை வீசுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சவேரியோவும் எர்சிலியாவுக்காக வீசியிருக்கிறான். அன்று அவள் காலடியில் ஒரு மயில் நீலமாக எழுந்தது. அன்றைக்கே அவள் அவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். பிறகு, தண்ணீர் பட்டால் உப்பு பூத்துக் கல் பெயர்ந்துவிடும் என்று மேலிடத்தில் தடை போட்டார்கள். சவேரியோ தடையை மீறுகிற ஆள் இல்லை.

ஒரு மணிக்கு ஊரில் எல்லாக் கடையையும் சாத்திவிடுவார்கள். மாளிகையும் நான்கு மணி வரை மூடல். எல்லா வீட்டிலும் ஆண்கள் வந்து சாப்பிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். அந்த உச்சிப்பொழுதில் வெளியே போகாதே, என்னமோ உலாவும் என்று பிள்ளைகளை மிரட்டி வைப்பது அந்த ஊர் வழக்கம். மே மாதத்திலிருந்து சவேரியோ மட்டும் சாப்பிட வருவதில்லை. மாளிகையிலேயே இருந்துவிடுகிறான்.

அவனுடைய அக்கா தின்தாரா இதை விடுவாளா? ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டே சொன்னாள். “பசிக்கிற ஆம்பள வீட்டுக்கு வரலன்னா, வேற எங்கயோ அவனுக்குத் தட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். என் தம்பியா இருந்தாலும் நான் சொல்லிடுவேன்டி. ஒரு நாள் போய்ப் பாரு.”

“இருந்தா இருக்கட்டும், அண்ணி. அவளாவது அவர சிரிக்க வைக்கட்டும்” என்றாள் எர்சிலியா. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு பெண்ணாக இருந்தால் தேவலை. பெண்ணோடு சண்டை போடலாம், அழலாம், அவனைப் பிடித்து இழுத்து வரலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் மிரெல்லா காய்ச்சலில் போனாள். ஏழு வயது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் முழுக்க அப்பாவின் இரண்டு விரல்களைப் பிடித்தபடியே கிடந்தாள். மத்தியானம் ஒரு போன் வந்தது. மாளிகையின் சாவி சவேரியோவிடம் இருக்கிறது, தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரிகள் வாசலில் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று குழந்தையின் காதில் சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கையை உருவிக்கொண்டு போனான். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று அந்தக் கையை அவன் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

எர்சிலியா அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் மூன்று வருடமாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அவளை விட்டுவிடு. இதுதான். துணி உலர்த்தும்போது, தக்காளி நறுக்கும்போது, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அவளை விட்டுவிட்டு என்னிடம் வா. நானும் இருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்ததும், உப்பு போதுமா என்று கேட்டுவிடுவாள்.

அன்று வியாழக்கிழமை. கத்தரிக்காய் வறுத்துப் போட்ட பாஸ்தாவை மூடிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்குக் காரை எடுத்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பக்கவாட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வெளியே ஆலிவ் மரங்களில் சிள்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. உள்ளே கால் வைத்ததும் அந்தச் சத்தம் நின்றது. தேய்ந்து மறையவில்லை, கத்தரித்தாற்போல் நின்றது. பிளாஸ்டிக் கூரைக்கடியில் அடுப்பைத் திறந்தது போன்ற அனல் முகத்தில் அறைந்தது, இரும்புப் பாலம் செருப்பையும் மீறிச் சுட்டது, கீழே அறை அறையாகச் சிங்கங்களும் மீன்களும் படகுகளும் சாம்பல் பூசிக்கொண்டு மங்கலாகக் கிடந்தன. அந்த அனலுக்குள் அவள் ஒரு வாசனையை உணர்ந்தாள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. நாலு மாதமாக அந்த ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

அவள் நின்றாள். பாத்திரத்தின் மூடியைச் சத்தம் வராமல் அழுத்திப் பிடித்தாள்.

சவேரியோவின் குரல் கேட்டது. கடைசியில் இருக்கும் சின்ன அறையிலிருந்து வந்தது. வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. தாழ்ந்து, இழுத்து, நடுநடுவே கொஞ்சி, வலிக்காது வலிக்காது என்று சமாதானம் சொல்கிற தொனி. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் மிரெல்லாவுக்குத் தலை வாரிவிடும்போது அவன் பேசுகிற குரல். மூன்று வருடமாக அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. மனசு ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணம் பிடரி சில்லிட்டது.

அவன் பேசி நிறுத்தினான். இடைவெளி விட்டான். பதில் கேட்டவன்போல “ம்” என்றான்.

அந்தச் சின்ன அறையை அவளுக்குத் தெரியும். குழந்தைகளின் அறை. சித்திரத்தில் ஆறு குழந்தைகள் கையில் வாத்தும் கோழியும் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடுவார்கள். ஏழாவது குழந்தை இருந்த இடத்தில் கல் பெயர்ந்து போய், வெறும் சாந்து பூசிய ஒரு வெற்றிடம் இருக்கும். இல்லாததை இட்டுக்கட்டி வரையக்கூடாது என்பது சீர்படுத்துகிறவர்களின் விதி. அதனால் அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

பாலத்தின் முனையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சவேரியோ தடுப்பைத் தாண்டித் தரையில் இறங்கி மண்டியிட்டிருந்தான். முதுகு இவள் பக்கம். இடது கையில் ஸ்பாஞ்சு. பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பச்சை கேன்.

“கதவச் சாத்திட்டு வந்தியா?” என்றான், திரும்பாமலே.

அவள் படியிறங்கினாள். வாசனை அடர்ந்தது. ஈரத் தரையில் அவன் நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், வெறும் சாந்து இருக்க வேண்டிய இடத்தில், நிறம்.

கரும்பழுப்புக் கற்கள். தலைமுடி. வகிடு கோணலாக இருந்தது. வாரும்போது அசையாமல் இருக்க மாட்டாள், வகிடு எப்போதும் இடது பக்கம் சரியும். நெற்றி. புருவத்துக்கு மேல் ஒற்றைக் கல் கறுப்பாக, மச்சம். கண்கள் இரண்டும் திறந்திருந்தன.

எர்சிலியா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தாள் என்று தெரியாது.

மே மாதம் பாலத்திலிருந்து யாரோ சிந்திய காபிக் கறையை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தபோது ஒரு சுருள் முடி தெரிந்ததாம். மறுநாள் இன்னொன்று. பிறகு தினமும் நாலைந்து கல். ஆஸ்பத்திரியில் குழந்தை எவ்வளவு சாப்பிட்டாள் என்று கணக்குச் சொன்ன மாதிரி நிதானமாகச் சொன்னான். நெற்றிக்கு இரண்டு வாரம், கண்ணுக்கு ஒரு மாதம்.

“காஞ்சதும் போயிடுறா” என்றான். “தினமும் என் கண்ணு முன்னாடிதான் போறா. இப்ப நான் கூட இருக்கேன், எர்சிலியா. ஒரு நாள்கூட விட்டுட்டுப் போகல.”

“எந்திரி.”

“நேத்து வாய் வந்துச்சு.”

“எந்திரி, சவேரியோ. வீட்டுக்குப் போலாம்.”

“முடியாது.”

“ஏன்?”

“அவ பிடிச்சிருக்கா.”

அப்போதுதான் அவனுடைய வலது கையைப் பார்த்தாள். தரையில் ஊன்றியிருக்கிறான் என்று நினைத்தாள். ஊன்றவில்லை. இரண்டு விரல்கள் தரையில் முடிந்தன. அதற்கப்புறம் விரல் இல்லை, கல் இருந்தது. தோலின் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், வரிசை பிசகாமல். அவற்றைச் சுற்றி, கல்லாலான ஐந்து பிஞ்சு விரல்கள்.

மூடியிருந்தன.

அவள் அவன் தோளைப் பற்றி இழுத்தாள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அவன் வலியில் முனகினான். ஆனால் அவன் முகம். மூன்று வருடமாக அவள் தேடிய முகம் அது. சாந்தமாக இருந்தான்.

ஈரம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து சாம்பல் உள்ளே நகர்ந்து வந்தது. முடி மங்கியது. நெற்றி மங்கியது. அவன் விரல்கள் இறங்கிய இடத்தில் சாந்து வெளுத்து இறுகுவது கண்ணுக்குத் தெரிந்தது. காய்ந்தால் பூட்டிக்கொள்ளும்.

கேனைத் தூக்கினாள். ஊற்றினாள்.

நிறம் பொங்கி வந்தது. முடி, நெற்றி, கண், கன்னம். பிஞ்சு விரல்கள் நெகிழ்ந்தன. “இழு” என்று கத்தினாள். அவன் இழுக்கவில்லை. நெகிழ்ந்த விரல்கள் கொஞ்சம் மேலே ஏறி, அவன் மணிக்கட்டைச் சுற்றி, மறுபடி மூடின. முழங்கை வரை தரை ஏறியது. தண்ணீரில் கால் வைக்கிறவனைப் போல அவன் மெல்ல முன்னால் சாய்ந்தான்.

ஊற்றினால் இழுக்கிறாள். ஊற்றாவிட்டால் இறுகுகிறாள்.

கேன் லேசாகிவிட்டது. அடியில் ஒரு வாய்த் தண்ணீர்.

எர்சிலியா மண்டியிட்டாள். ஈரத்தில் கன்னம் படக் குனிந்தாள். கல் குளிரவில்லை. இளஞ்சூடாக இருந்தது, அந்த மார்ச் மாதத்து நெற்றியைப் போல. கண்கள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவின் நிழல் விழுந்ததும் அவை திரும்பின. கல்லுக்குக் கல் உரசுகிற மெல்லிய சத்தம்.

என்ன சொல்ல? எத்தனை நாள் தனியாக இருந்தாய் என்றா? பசித்ததா என்றா? இந்த மூன்று வருடமும் கதவருகே உன் செருப்பை எடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றா? வாய்க்குள் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். துணி உலர்த்தும்போதும் தக்காளி நறுக்கும்போதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அது அவனுக்காக வைத்திருந்தது. அவனுக்கு இனிக் கேட்காது. அவன் கன்னம் தரையைத் தொட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, மகளின் பக்கத்தில் தலை சாய்த்துவிட்டான். அவன் காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றாக வெள்ளைக் கல்லாகிக்கொண்டிருந்தது.

அவள் தன் கையை அந்தப் பிஞ்சு விரல்கள்மீது வைத்தாள். ஒவ்வொன்றாக விலக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு முறை அதைச் செய்திருந்தான்.

மிரெல்லாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன, மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது மூடுவதைப் போல.

“விட்டுடும்மா” என்றாள் எர்சிலியா. “அப்பா கைய விட்டுடு, கண்ணு.”