யார் கேசட்டு அது?

இட்லிச் சட்டியைத் திறந்த இளவரசி அப்படியே நின்றுவிட்டாள். ஆவி முகத்தில் அடித்தும் நகரவில்லை. கூடத்தில், ஊரிலிருந்து வந்திருந்த தங்கை கலைமணியின் செல்போனில் அந்தப் பாட்டு!

"அக்கா! நாம சின்னதுல கேட்ட பாப் ஆல்பம்! யாரோ யூடியூபுல போட்டிருக்காங்க... ஞாபகம் இருக்கா?"

சிதம்பரத்து வீட்டில், ஒரே போர்வைக்குள் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு இருவரும் கேட்டுக் கேட்டுத் தேய்த்த பாட்டு. இன்று அதே குரல் காதில் விழ, இளவரசி இட்லிச் சட்டியைப் படாரென்று மூடினாள்.

மாமியார் லோகநாயகி விடுவாளா?

"ஓகோ... இதுதான் அந்தப் பாட்டா? எவனோ வாங்கிக் குடுத்த கேசட்டு! அதுக்குத்தான அண்ணங்காரன் காலேஜ நிறுத்தி, அவசர அவசரமா எம் புள்ள தலையில கட்டுனான்!"

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்ட பேச்சு. கணவன் தேவநாதன் வழக்கம்போலப் பேப்பருக்குள் இருந்தான்.

கலைமணி சிரித்தாள். "அய்யோ அத்தை, அது என் கேசட்டு! எங்க வீட்டுக்காரரு அப்பவே எனக்கு வாங்கிக் குடுத்தது. அக்காதான் என்னைக் காப்பாத்த, தன்னுதுன்னு சொல்லிச்சு. இன்னுமா அதையே பேசிக்கிட்டு இருக்கீங்க?"

பேப்பர் இறங்கியது. "நெசமாவா?... ஏன் இளவரசி, ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இளவரசி தங்கையிடம் திரும்பினாள்.

"உன்னப் பாத்தாலே அருவருப்பா இருக்குடி! அன்னிக்கு நீ சின்னப் பொண்ணு, பயந்துட்ட... சரி. அதே ஆளக் கட்டிக்கிட்டு, டீச்சராவும் ஆயிட்டியே... அப்புறமாவது வாயத் தொறந்தியா? இப்ப சிரிக்கிற பாரு... சீ!"

"நீ மறந்திருப்பேன்னு நெனச்சேங்க்கா..."

"கெளம்பு. அண்ணங்கிட்ட உன் வாயால சொல்லு."

"ஏம்மா... சாப்ட்டுட்டுப் போயேன்," லோகநாயகியின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க போட்டுச் சாப்புடுங்க அத்தை."

சிதம்பரம் பஸ்ஸில் கலைமணி அழுதபடியே வந்தாள். இளவரசி ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். எவ்வளவு அசட்டுப் பாட்டு அது! அதற்காகவா அண்ணனிடம் அறை வாங்கி, படிப்பையும் விட்டாள்? தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

சிதம்பரம் அம்மாபேட்டையில், பிறந்த வீட்டில், கலைமணி சொன்ன எல்லாவற்றையும் அண்ணன் சக்கரபாணி கேட்டார். எழுந்து கலைமணியை அடிக்கக் கையை ஓங்கினார். இளவரசி குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ண்ணே! என்னை அடிச்சது போதும்."

பெரியவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "முதல் மார்க்கு வாங்குன புள்ள... நானே காலேஜுல சேத்துவுட்டு, நானே கெடுத்துட்டனே!" என்று வாய்விட்டு அழுதார்.

கலைமணி அக்காளின் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னத் தூக்கிப் போட்டு மிதிச்சுடுக்கா..."

இளவரசிக்கு அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் குனிந்து அவளைத் தூக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்க நாளாவும்டி கலை... ஆனா நீ என் தங்கச்சி. அழுவாத."