பின்னறை எலி

அழைப்பு மணியை அடித்துவிட்டு, எப்போதும் போல இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்து நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஓட்டம் கேட்கவில்லை. வெயில் இறங்கியும் வாசற்படியின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது, தோள்பை வேறு வழுக்கிக்கொண்டே இருந்தது, இப்படிக் கையை விரித்து நிற்பதை எதிர்வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூடத் தோன்றியது. கதவைத் திறந்தது, பகல் தூக்கம் கலையாத கணவன். அவன் காலுக்குப் பின்னால் நின்ற மூன்று வயது வாண்டு, கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இப்பதானே வந்தே," என்றாள். விரல் மறுபடி வாய்க்குள் போய்விட்டது.

இந்த வெயிலில் பெரியவர்களுக்கே மூளை குழம்புகிறது, அது குழந்தைதானே என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் விரித்த கையைச் சும்மா மடக்கும்போது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் நாள் முழுக்க அவள் உட்கார்ந்திருந்தாள்.

உண்மையில் அவள் எங்கேயும் போய்விட்டு வரவில்லை. வீட்டுக்குள்ளேதான் இருந்தாள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற நோயாளிக் குறிப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கோடை தொடங்கிய கையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பள்ளி மூடியதால் அவனும் வீட்டில். குடும்பமே ஒன்றாக இருக்கப்போகிறது என்ற சந்தோஷம் முதல் நாள் காலையோடு சரி. அம்மா உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தால் வாண்டு கதவைத் தட்டித் தட்டி, அழுது, மூச்சு முட்டி, வாந்தியே எடுத்துவிடுவாள்.

யோசனை சொன்னது அவள்தான். காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புவாள். பக்கத்துச் சந்தில் சுற்றி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னறையின் கொல்லைக் கதவு வழியாக உள்ளே நுழைந்துவிடுவாள். பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவைக் கணவன் கூடத்துப் பக்கம் தாழ் போட்டு வைப்பான். சாயங்காலம் அதே வழியில் வெளியேறி, சுற்றி வந்து, மணி அடிப்பாள். "அம்மா வந்தாச்சு" என்று ஒரு ஓட்டம் வரும் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. செல்போன் அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதைக்கூடச் சமையலறை அலமாரியில் போட்டு வைத்தார்கள்.

இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினாள். தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கப் பழகினாள். அதையும் மீறி ஏதாவது சத்தம் வந்தால், உள்ளே எலி இருக்கிறது, கிட்டே போகாதே என்று கணவன் வாண்டைத் திருப்பிவிடுவான். மனைவிக்கு எலி மேடம் என்று பேரே வைத்துவிட்டான். முதலில் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

போகப் போக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் யாரோ ஒரு டாக்டர் யாருடைய ஈரலைப் பற்றியோ தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்து ஹெட்போனை நகர்த்தினால் போதும், கதவிடுக்கு வழியாக வீடு மொத்தமும் வந்துவிடும், பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம், தர்ப்பூசணியைக் கத்தி பிளக்கும் சத்தம், விதையைத் துப்பிப் போட்டி போடும் சிரிப்பு, குளித்த உடம்பில் அப்பும் வேர்க்குருப் பவுடரின் வாசனை, ஈரத் தலையோடு அப்பனின் வயிற்றில் ஏறிப் படுத்துத் தூங்கப்போகும் குழந்தையின் உளறல். கொடுத்து வைத்தவன், என்று நினைப்பாள். நினைப்போடு நிற்காது, வயிறு எரியும். தன் பெண்ணின் கோடை முழுவதும் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. தனக்கு மிஞ்சுவது சாயங்காலம் சிணுங்கும் பிள்ளையும் அழுக்குத் துணியும் என்று பொருமினாள்.

வாசலில் வாண்டு அப்படிச் சொன்ன சில நாளில், ஒரு மதியம், ஹெட்போனை நகர்த்தியபோது, கூடத்தில் ஒரு பெண் சிரித்தாள்.

விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. தொலைக்காட்சியாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். தொலைக்காட்சியில் வருகிறவர்கள் வாண்டின் பேச்சுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். இவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று மின்விசிறியின் கடகடப்பில் புரியவில்லை, ஆனால் அந்தக் குரலில் அவசரமே இல்லை. பிறகு கணவனின் சிரிப்பு, அதுவும் கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி அடிவயிற்றிலிருந்து. இதுவா சங்கதி, என்று அவளுக்கு உடம்பெல்லாம் தகித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் பெண்டாட்டி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயைத் திறக்க மாட்டாள் என்ற தைரியம்.

சாயங்காலம் வாண்டு தூங்கியதும் கேட்டுவிட்டாள்.

"மதியம் யாருங்க வந்தது?"

அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, வேடிக்கை பண்ணுகிறாளா என்று பார்த்தான். "நீதான் வந்தே. பிரேக் கிடைச்சுதுன்னு சுத்தி வந்து மணி அடிச்சே. அது எவ்வளவு குஷியாயிடுச்சு தெரியுமா? தினமும் அப்படி வந்துட்டுப் போ."

"நான் வரவே இல்ல."

"சரி, எலி வந்துச்சு," என்றான் அவன், பழைய சிரிப்போடு.

எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறான் என்று பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கொல்லைப் பக்கம் திருட்டுப் பயம், கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு பூட்டு போடச் சொன்னாயே, வாங்கி வந்துவிட்டேன் என்று அவன் பேச்சை மாற்றினான். அவள் அப்படி எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. பூட்டைப் பற்றி இப்போது என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். தலையணையில் அவளுடைய எண்ணெய் வாசனைதான் இருந்தது. ஆனால் அது அன்றைக்கே வைத்த எண்ணெயின் வாசனை. அன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெயே வைக்கவில்லை.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு கட்டினாள். எப்போதும் போல டாட்டா காட்டினாள். வாண்டு பொம்மையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சந்தில் சுற்றி வந்து, பின்னறைக்குள் நுழைந்து, ஹெட்போனைத் தொடாமல், கூடத்துக் கதவில் காதை வைத்து உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற மரக்கதவு சூடாகிக் காதைச் சுட்டது. வார்னிஷ் வாடை தலைவலியைக் கொண்டுவந்தது. உச்சிப் பொழுதில் மின்சாரம் போனது. கணினித் திரை அணைந்தது, மின்விசிறி முனகி முனகி நின்றது, வீட்டில் இருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின, குழாயின் சொட்டு, காலண்டரின் படபடப்பு, தரையில் வாண்டின் ஈரக் காலடி.

மணி இல்லை. மின்சாரம்தான் இல்லையே. வாசற்கதவைத் தட்டினார்கள்.

அந்த ஓட்டம் கேட்டது.

"அம்மா வந்தாச்சு!"

அவளுக்காக இத்தனை நாள் ஓடியதைவிட வேகமான ஓட்டம். தூக்கிச் சுற்றும் சத்தம். முத்தம். "என் தங்கமே, சாப்டியா? ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு, தூங்கவே இல்லையா?" என்றது குரல்.

அது அவளுடைய குரல்.

அவளுடையதுதான். ஆனால் களைப்பு நீங்கிய குரல், எரிச்சல் நீங்கிய குரல், சாயங்காலத்தில் அவள் வரவழைக்க முயன்று முடியாமல் போகிற குரல். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. எனக்கு வராதது இவளுக்கு எப்படி வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.

தரையில் படுத்து, கதவின் அடி இடுக்கில் கண்ணை வைத்தாள். தூசு. நாற்காலிக் கால்கள். வாண்டின் சின்னப் பாதங்கள், அவற்றுக்கு எதிரே இரண்டு பெரிய பாதங்கள். வெடித்த குதிகால். வலது கணுக்காலில், பைக் சைலன்சரில் சுட்டுக்கொண்ட தழும்பு. அவள் தன் கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். தழும்பு இருந்தது.

அந்தப் பாதங்கள் நின்றன. விரல்கள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பின.

"என்னங்க," என்றது குரல், "பின்னாடி பூட்டிட்டீங்களா?"

"இதோ," என்றான் கணவன், கொல்லைப் பக்கமிருந்து.

அவள் எழுந்தாள். ஓடினாள். கொல்லைக் கதவைத் தொடுவதற்குள் வெளியே சீட்டியடிக்கும் சத்தம், அவன் வழக்கமாக அடிக்கும் சீட்டி, கொண்டி இறங்கும் சத்தம். பூட்டு. கிளிக்.

கதவை அறைந்தாள். சீட்டி நின்றது. ஒரு கதவுப் பலகை தூரத்தில் நிற்கிறான். மனைவி கூடத்தில் இருக்கும்போது பின்னறையில் யார் இருக்க முடியும்? என்னங்க, நான்தான், திறங்க. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருமலை விழுங்கிய தொண்டை. தும்மலை விழுங்கிய தொண்டை. கோடை முழுவதும் அடக்கி அடக்கிப் பழகிய தொண்டை. வெளியே வந்தது ஒரு கீச்.

மறுபடி முயன்றாள். கீச்.

"நிஜமாவே எலி வந்துடுச்சு போல," என்று சொல்லிக்கொண்டே அவன் நடந்து போனான்.

ஜன்னல் உயரத்தில் இருந்தது, கம்பி போட்டது. மேசையில் ஏறினாள். சந்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும். கைகள் கம்பியில் வழுக்கின. இறங்கினாள். கூடத்துக் கதவை நகத்தால் பிறாண்டினாள். தாழ் அசையவில்லை.

கூடத்தில் பேசிக்கொண்டார்கள். குழந்தை இருக்கிற வீட்டில் எலி மருந்தா என்று கணவன் தயங்கினான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கள் என்றது குரல். அவன் போனான். கட்டில் கிறீச்சிட்டது. பொட்டலம் பிரிக்கும் சத்தம். ரொட்டியில் எதையோ தடவும் கத்தியின் சத்தம், இதமாக, நிதானமாக.

அப்புறம் ஈரக் காலடிகள். நெருங்கின. நின்றன.

கதவிடுக்கின் வெளிச்சத்தை ஒரு சின்ன நிழல் மறைத்தது. வேர்க்குருப் பவுடர் வாசனை. தர்ப்பூசணி வாசனை. அவற்றோடு கசப்பாக இன்னொன்று. ஒரு துண்டு ரொட்டி உள்ளே வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு இரண்டு குட்டி விரல்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய நுனிகள். கட்டைவிரல் சூப்பும் பிள்ளை. கையைக் கழுவச் சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"கைய வாயில வெக்கக் கூடாது செல்லம்," என்றது குரல், குழந்தைக்குப் பின்னாலிருந்து. "முடிஞ்சதும் அம்மா சோப்பு போட்டுக் கழுவி விடறேன்."

அதையும் அந்தக் குரலே சொல்லிவிட்டது.

"எலி," என்றாள் வாண்டு, தரையோடு தரையாக, மூச்சு இடுக்கு வழியாக முகத்தில் பட, "சாப்பிடு. நான்தான் குடுக்கறேன்."

விரல்கள் போகவில்லை. காத்திருந்தன. இந்தக் கோடையில் முதல் முறையாக, அவளுக்கென்று, பகல் வெளிச்சத்தில் நீண்ட விரல்கள். அவள் கன்னத்தைத் தரையில் வைத்தாள். நுனியை உதட்டால் தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது.

ரொட்டியைக் கவ்வினாள்.

"சாப்பிடுது! அம்மா, சாப்பிடுது!" என்று வாண்டு குதித்தாள். சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கமே நடந்துகொண்டிருந்த அந்தச் சிரிப்பு, இப்போது அவளைப் பார்த்து, அவளுக்காக.

விரல்கள் அடுத்த துண்டோடு வந்தன.