பவளத்தின் பசி

வாளியில் கலந்த சத்துநீரை, மீன்தொட்டியைப் பராமரிக்க வரும் தொட்டிக்காரர் அதற்குள் சாய்க்கப்போன நேரத்தில், வீட்டுக்காரம்மா பாய்ந்துவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும், நிறுத்துங்க! நீங்க ஊத்த ஊத்தத்தான் இதுங்க செத்துக்கிட்டிருக்கு. நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

தொட்டிக்குள் ஊதாவும் ஆரஞ்சுமாகத் தகதகத்த உயிர்ப்பவளங்கள் ஒரே மாதத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. சாப்பாட்டு மேஜையை ஒட்டிய அந்தத் தொட்டிதான், சிறுநீரகம் பழுதாகி வீட்டோடு முடங்கிய வீட்டுக்காரம்மாவின் கணவருக்கு ஒரே பொழுதுபோக்கு. கணவர் மேஜையில் உட்கார்ந்தபடி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்புறம் திட்டுங்க மேடம். ஏன் சாகுதுன்னு பாக்கத்தான் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஆள் என்றால் லேப் அக்கா. குடிநீர் ஆய்வகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். சோதனைக் குழாயை நிதானமாக வெளிச்சத்தில் பிடித்தார்.

"நைட்ரேட் சரியா இருக்கு. பாஸ்பேட் துளிகூட இல்லை. பவளத்துக்குள்ள வாழற பாசிதான் அதுக்குச் சோறு போடுது. அந்தப் பாசியே பட்டினி. தம்பி, பாஸ்பேட் கலந்த சத்துநீரைத் தினம் ஊத்தறீங்களா?"

"சத்தியமா அக்கா! காலையில ஊத்தினா சாயங்காலம் காணோம். பேய் குடிச்ச மாதிரி!"

"பேய் குடிச்சா இப்படி மாவு சிந்தியிருக்காதே."

அக்கா தொட்டியின் வடிகட்டித் துணியைத் தடவினார். விரலில் வெள்ளைத் தூள். மேஜைப் பக்கம் தொட்டி மூடியின் விளிம்பிலும் அதே தூள். அவர் பார்வை மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டைக்குப் போனது.

"இது எதுக்கும்மா?"

"சாப்பாட்டோட மென்னு முழுங்கணும். சாப்பாட்டுல இருக்கற பாஸ்பேட்டைப் பிடிச்சுக்குமாம், ரத்தத்துல ஏற விடாதாம். மூணு வேளையும் நான்தான் எடுத்துக் கொடுக்கறேன். அப்படியும் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் ஏறிக்கிட்டே போகுது. அது இறங்கினாத்தான் கிட்னி மாத்தற ஆபரேஷன்."

"முழுங்கறதைப் பார்க்கறீங்களா?"

"தண்ணி எடுக்க உள்ளே போவேன்..." என்றவர் சட்டென்று கணவரைப் பார்த்தார்.

தொட்டிக்காரர் துள்ளினார். "அக்கா! ரத்தத்துல ஏறுது, தொட்டியில இறங்குது!"

"மெதுவா, தம்பி. மாத்திரைக்கு வயிறுன்னும் தெரியாது, தொட்டின்னும் தெரியாது. விழுந்த இடத்துல பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும். இந்த நாற்காலியிலேர்ந்து கையை நீட்டினா மூடி எட்டும்." அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார்?"

கணவர் மாத்திரை அட்டையை ஓரமாகத் தள்ளினார்.

"எனக்கு வைக்கப்போறது இவளோட கிட்னி. வேணாம்னா கேக்கற ஜென்மமா இவ? ரிப்போர்ட் மோசமா இருந்தா இவமேல கத்தி படாதுன்னு நினைச்சேன். பவளம் சாகும்னு தெரியாதுப்பா. உன் தலையில பழி விழும்னும் நினைக்கலை."

பழி விலகியும் தொட்டிக்காரருக்கு நிம்மதி இல்லை. தன் தப்பாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

மனைவி கணவரின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் கிட்னியை வைக்கலாம்னு வந்து சொன்னேனே... அதுக்கு மறுநாளே டாக்டர் போன் பண்ணிட்டார்ங்க. என்னுது உங்களுக்கு ஒத்துக்காதாம். நீங்க மனசு விட்டுடுவீங்களோன்னு நான்தான் சொல்லலை."